முட்டி தட்டும் காலுக்கு மூட்டு மாற்று: உள்பக்கம் திறப்பதா, வெளிப்பக்கம் திறப்பதா?

உங்கள் அம்மாவுக்கு 66 வயது. வலது முழங்கால் உள்நோக்கிச் சாய்ந்து, நிற்கும்போது மற்ற முட்டியோடு தட்டுகிறது. எக்ஸ்ரே அறிக்கையில் 15 டிகிரி வால்கஸ், அதாவது முட்டி உள்நோக்கிச் சாய்ந்த கோணல், என்று எழுதியிருக்கிறார்கள். மூட்டு மாற்றத்தான் வேண்டும் என்பதில் நீங்கள் பார்த்த இரண்டு டாக்டர்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஒருவர் வழக்கம்போல் உள்பக்கமாகத் திறந்து செய்வேன் என்கிறார், மற்றவர் இந்த மாதிரிக் காலுக்கு வெளிப்பக்கமாகத் திறப்பதே முறை என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு அடியில், எந்தப் பக்கம் திறக்கிறார் என்பதை வைத்து ஒரு சர்ஜனின் தரத்தை எடைபோடலாமா என்ற கேள்வியும் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். எடைபோட முடியாது. திறக்கும் பக்கத்துக்கு என்று நன்மை தீமைகள் உண்டு, அவற்றை விரிவாகவே சொல்கிறேன். ஆனாலும் இந்தக் காலில் புதிய மூட்டு ஆடாமல் நிற்குமா என்பதை முடிவு செய்பவை மூன்று: உள்பக்கத் தசைநாரில் இன்னும் எவ்வளவு பலம் மிச்சம் இருக்கிறது, எலும்பை எந்தக் கோணத்தில் எவ்வளவு வெட்டுகிறார்கள், இறுகிப்போன வெளிப்பக்கத்தை எவ்வளவு அளவோடு தளர்த்துகிறார்கள்.

நம் ஊரில் தேய்ந்த முழங்கால் என்றால் பெரும்பாலும் வில் போல வெளியே வளைந்த கால்தான். மூட்டு மாற்றுக்கு வருபவர்களில் முட்டி தட்டும் கால் ஏறத்தாழ பத்தில் ஒன்று. ஆகவே எவ்வளவு அனுபவமுள்ள சர்ஜனின் கைக்கும் பழக்கப்பட்டது வில்கால்தான். அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் தவறு நடக்கும். வில்காலில் தேய்வது பெரும்பாலும் கீழ்க்கால் எலும்பான டிபியாவின் உள்பக்கம். முட்டி தட்டும் காலில் குறை தொடை எலும்பில் இருக்கிறது. தொடை எலும்பின் கீழ்நுனியில் இரண்டு குமிழ்கள் உண்டு. அவற்றில் வெளிக்குமிழ் அடியிலும் சிறுத்திருக்கும், பின்புறத்திலும் சிறுத்திருக்கும். அதனால் கால் நீட்டியிருக்கும்போது மட்டுமல்லாமல் மடக்கும்போதும் கோணல் தொடரும். தசைநார்களிலும் வேறுபாடு உண்டு. வில்காலில் இறுகியிருக்கும் உள்பக்கத்தை டிபியாவிலிருந்து ஒரே போர்வையாக உரித்துத் தளர்த்திவிடலாம். வெளிப்பக்கத்தில் அப்படி ஒரே போர்வை கிடையாது. இடுப்பிலிருந்து தொடையோரமாக இறங்கி டிபியாவின் கெர்டி மேட்டில் ஒட்டும் ஐ.டி. பேண்ட், பின்-வெளி மூலையின் மூட்டு உறை, பாப்லிட்டியஸ் தசையின் நாண், எல்.சி.எல். எனும் வெளிப்பக்கத் தசைநார் எல்லாம் தனித்தனி. ஒவ்வொன்றும் முழங்காலின் வெவ்வேறு நிலையில் இறுகும். போதாக்குறைக்கு, பாதத்தைத் தூக்கும் பெரோனியல் நரம்பு அந்த மூலைக்குப் பின்னாலேயே ஓடுகிறது.

இனி உள்பக்கத் தசைநாருக்கு, அதாவது எம்.சி.எல்.லுக்கு வருவோம். பேச்சுவழக்கில் ஜவ்வு என்று சொல்வோமே, அதில் ஒன்று. கால் உள்நோக்கிச் சாயச் சாய இது இழுபட்டு நீளும். நீண்டது தானாகப் பழைய நீளத்துக்குச் சுருங்காது. இதை அடிப்படையாக வைத்து மூட்டு மாற்று சர்ஜன் சித்தரஞ்சன் ரானாவத் பிரித்த மூன்று நிலைகளைத்தான் இன்று பலரும் பயன்படுத்துகிறார்கள். (2000ல் பிரதமர் வாஜ்பாய்க்கு மும்பையில் முழங்கால் மாற்றியவர் இவர்தான்.) முதல் நிலையில் கோணல் 10 டிகிரிக்குள் இருக்கும், கையால் நிமிர்த்தினால் நிமிரும், எம்.சி.எல். முழுதாக இருக்கும். முட்டி தட்டும் முழங்கால்களில் சுமார் 80 சதவீதம் இந்த வகை. இரண்டாம் நிலையில் 10 முதல் 20 டிகிரி, எம்.சி.எல். நீண்டிருக்கும், ஆனால் வேலை செய்யும். இது சுமார் 15 சதவீதம். மூன்றாம் நிலை 20 டிகிரிக்கு மேல், எம்.சி.எல். பயனற்றுப் போயிருக்கும், மீதி 5 சதவீதம். 15 டிகிரி என்ற எண்ணை மட்டும் பார்த்தால் உங்கள் அம்மா இரண்டாம் நிலை. ஆனால் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது.

படுக்க வைத்து, முழங்காலை முழுதாக நீட்டிய நிலையிலும் 30 டிகிரி மடக்கிய நிலையிலும் உள்பக்கம் எவ்வளவு திறக்கிறது என்று கையால் அசைத்துப் பார்ப்பார்கள். எவ்வளவு திறக்கிறது என்பதைவிட எங்கே போய் நிற்கிறது என்பது முக்கியம். கயிறு இழுபட்டு டக்கென்று நிற்பது போல ஒரு முடிவு கையில் தட்டுப்பட்டால் எம்.சி.எல். இருக்கிறது. ரப்பர் போல இழுத்துக்கொண்டே போனால் அது போய்விட்டது என்று பொருள். எக்ஸ்ரேயில் இடுப்பு முதல் கணுக்கால் வரை நிற்க வைத்து எடுத்த நீளப் படம் கட்டாயம் வேண்டும். முழங்காலை மட்டும் எடுத்த சின்னப் படத்தில் தெரியும் கோணம் ஏமாற்றும். முழங்காலை 45 டிகிரி மடக்கி நிற்க வைத்து எடுக்கும் படமும் தேவை. வெளிப்பக்கத் தேய்மானம் பின்பகுதியில் அதிகம் என்பதால் நேராக நிற்கும் படத்தில் அது மறைந்துவிடும். சில்லு, அதாவது முழங்காலின் முன்னாலுள்ள சிறு எலும்பு, எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதற்குத் தனிப் படம் உண்டு. மூட்டை மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல் பாதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். உள்வளைவு இழந்து வெளிப்பக்கம் சரிந்த தட்டைப் பாதத்தை அப்படியே விட்டுவிட்டால், முழங்காலை எவ்வளவு நேராக்கினாலும் உடல் எடையின் கோடு மறுபடி வெளிப்பக்கமாகவே விழும். புதிய மூட்டின் உள்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இழுபடும். இடுப்பு மூட்டு இறுகி உள்நோக்கி மடங்கியிருந்தால் அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

இப்போது திறக்கும் வழிகள். ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும்: தோலில் போடும் கீறல் இரண்டு வழியிலும் ஏறத்தாழ நடுவில்தான் வரும். வேறுபடுவது தோலுக்கு அடியில் மூட்டு உறையைச் சில்லின் எந்த ஓரமாக வெட்டுகிறார்கள் என்பது. ஏற்கனவே அந்த முழங்காலில் பழைய நீளத் தழும்புகள் இருந்தால், அவற்றில் பயன்படுத்தக்கூடிய மிக வெளிப்பக்கத் தழும்பு வழியாகப் போவது பாதுகாப்பு. முழங்காலின் முன்தோலுக்கு ரத்தம் பெரும்பாலும் உள்பக்கத்திலிருந்து வருவதே காரணம்.

உள்பக்க வழியில் தொடைத் தசையின் நாணில் தொடங்கி, சில்லின் உள் ஓரமாக இறங்கி, சில்லின் நாண் வந்து ஒட்டும் டிபியா மேட்டின் உள்பக்கத்தில் முடிப்பார்கள். எல்லா சர்ஜன்களுக்கும் கைவந்த வழி இது. சில்லு சுலபமாக வெளியே ஒதுங்கும், மூட்டு முழுவதும் கண்ணுக்குத் தெரியும், கருவிகளெல்லாம் இந்த வழியை மனதில் வைத்தே செய்யப்பட்டவை, தைத்து மூடுவதும் எளிது. முட்டி தட்டும் காலில் இதற்கு நான்கு சங்கடங்கள் உண்டு. தளர்த்த வேண்டிய இறுக்கம் மறுகோடியில், ஆழத்தில் இருக்கிறது. சில்லை வெளியே தள்ளும்போது டிபியா வெளிப்பக்கம் திருகி, பின்-வெளி மூலை இன்னும் பின்னால் போய்விடுகிறது. சில்லு வெளியே இழுபடுவதைச் சரிசெய்ய வெளி ஓரத்தையும் வெட்ட நேர்ந்தால், உள்பக்க ரத்தக் குழாய்கள் ஏற்கனவே வெட்டுப்பட்ட நிலையில் வெளிப்பக்கக் குழாயும் போய், சில்லுக்கு ரத்தம் குறையும். ரத்தம் குறைந்த சில்லு பின்னாளில் உடைவது உண்டு. நான்காவதுதான் என் பார்வையில் பெரிய சங்கடம், அதுவும் தவிர்க்கக்கூடியது. வில்காலில் செய்து செய்து பழகிய கை, திறந்ததும் டிபியாவின் உள்பக்கத்தை உரித்துக்கொண்டே போகும். ஏற்கனவே நீண்டிருக்கும் எம்.சி.எல். அதில் மேலும் தளரும். இந்தக் காலில் பார்வைக்குத் தேவையான சில மில்லிமீட்டருக்கு மேல் உள்பக்கத்தை உரிக்கக்கூடாது.

வெளிப்பக்க வழியை ஒரு முறையாக வகுத்து, 53 முழங்கால்களின் முடிவுகளோடு 1991ல் வெளியிட்டவர் அமெரிக்க சர்ஜன் கீபிளிஷ். அவருடைய வாதம் எளிமையானது: எது இறுகியிருக்கிறதோ அந்தப் பக்கமே திற, திறப்பதே பாதித் தளர்த்தல் ஆகிவிடும், பலவீனமான உள்பக்கத்தைத் தொடாதே. உறையின் மேலடுக்கைச் சில்லிலிருந்து தள்ளியும் அடியடுக்கைச் சில்லை ஒட்டியும் வெட்டுவார்கள். பிறகு இரண்டு அடுக்கும் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கி நீளம் கூடும், மூடும்போது இடைவெளி விழாது. ஐ.டி. பேண்டை கெர்டி மேட்டிலிருந்து தொடர்ச்சி அறாமல் தூக்குவார்கள் அல்லது மேலேயே ஊசித்துளைகள் போட்டு நீட்டுவார்கள். சில்லுக்கு அடியிலுள்ள கொழுப்புத் திட்டை வெட்டி எறியாமல் காப்பாற்றி வைப்பார்கள். கடைசியில் வெளிப்பக்க இடைவெளியை அடைக்க அது தேவைப்படும். காலை மடக்கி டிபியாவை உள்நோக்கித் திருப்பும்போது பின்-வெளி மூலை முன்னால் வருகிறது, வேலை கண்ணெதிரே நடக்கிறது. சில்லின் உள்பக்க ரத்த ஓட்டம் கெடுவதில்லை, மடக்கும்போது சில்லு நேராக ஓடுகிறது.

இதிலும் சிக்கல்கள் உண்டு. டிபியா மேடு இயல்பாகவே சற்று வெளிப்பக்கமாக இருப்பதால் சில்லை உள்நோக்கி ஒதுக்குவது கடினம். அவசரப்பட்டு இழுத்தால் சில்லின் நாண் டிபியாவிலிருந்து பிய்ந்துவிடலாம், மூட்டு மாற்றில் சரிசெய்யக் கடினமான விபத்துகளில் அது ஒன்று. அதைத் தவிர்க்கச் சிலர் டிபியா மேட்டை 6 முதல் 8 சென்டிமீட்டர் நீள எலும்புத் துண்டாக வெட்டித் திருப்பி, முடிந்ததும் ஸ்குரூவோ கம்பியோ போட்டுப் பொருத்துகிறார்கள். அந்தத் துண்டு சேராமல் போவது, மேலே நகர்வது, டிபியா விரிசல் விடுவது எல்லாம் இதனால் கூடுதலாக வரும் அபாயங்கள். ஒல்லியான உடம்பில் வெளிப்பக்க உறை சரியாக மூடாவிட்டால் தோலுக்கு அடியிலேயே செயற்கை மூட்டு நிற்கும், காயம் கசியும். முழங்கால் 90 டிகிரிகூட மடங்காமல் இறுகியிருந்தாலும், சில்லு இயல்பைவிடத் தாழ்ந்திருந்தாலும் இந்த வழி இன்னும் கடினமாகும்.

எது உறுதி, எது இன்னும் விவாதத்தில் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். எம்.சி.எல்.லைக் காப்பாற்ற வேண்டும், தொடை எலும்பின் திருப்பத்தை, அதாவது அங்கே பொருத்தும் பாகத்தை எவ்வளவு திருப்பி வைப்பது என்பதை, குமிழ்களின் பின்புறத்தை வைத்து அளக்கக்கூடாது, பெரோனியல் நரம்பின் ஆபத்து இந்தக் காலில் கூடுதல் என்பவற்றில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. வெளிப்பக்க வழி உள்பக்க வழியைவிட மேலா என்பது விவாதத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. ஒரு வழியில் கை தேர்ந்தவர்கள் தங்கள் பழைய கேஸ்களைத் திரும்பிப் பார்த்து எழுதியவை அவற்றில் நிறைய. சில்லின் ஓட்டத்தில் வெளிப்பக்க வழிக்குச் சற்று ஆதாயம் தெரிவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆண்டுகள் கழித்து நோயாளியின் நடையிலும் வலியிலும் தெளிவான வித்தியாசம் நிரூபிக்கப்படவில்லை. இந்த நிலையில் 'இதுதான் சரி, அது தப்பு' என்று ஒருவர் அடித்துச் சொன்னால், ஆதாரம் தாங்குவதைவிட அதிகமாகச் சொல்கிறார் என்றே எடுத்துக்கொள்வேன்.

படங்களைப் பார்க்காமல், காலைத் தொட்டுப் பார்க்காமல் உங்கள் அம்மாவுக்கு எந்தப் பக்கம் என்று எழுத்தில் சொல்ல முடியாது. பொதுவாக என் மதிப்பீடு இது. 10 டிகிரிக்குள், நிமிர்த்தினால் நிமிரும் கால் என்றால் உள்பக்க வழியே போதும், வேறு யோசனை தேவையில்லை. 10 முதல் 20 டிகிரிக்குள், நிமிர மறுக்கும் கால், சில்லும் வெளியே நழுவியிருக்கிறது, சர்ஜன் வெளிப்பக்க வழியை அடிக்கடி செய்பவர் என்றால் அதற்குச் சம்மதிக்கலாம். அதே காலை உள்பக்க வழியில் நன்றாகச் செய்பவர்களும் நிறையப் பேர். ஆண்டுக்கு ஒன்றிரண்டு மட்டும் வெளிப்பக்கமாகச் செய்பவர் உங்கள் அம்மாவுக்கு அதைச் செய்வதைவிட, தினமும் செய்யும் வழியில் மேற்சொன்ன சங்கடங்களை அறிந்து செய்வது மேல். 20 டிகிரிக்கு மேல், எம்.சி.எல். இல்லை என்றால் திறக்கும் பக்கம் இரண்டாம்பட்சம். எந்த வகைச் செயற்கை மூட்டு வைக்கிறார்கள் என்பதே முதல் கேள்வி.

திறந்த பிறகு நடப்பதைத்தான் நான் அதிகம் கவனிக்கச் சொல்வேன். தொடை எலும்பின் அடிவெட்டை வழக்கமாக 5 முதல் 7 டிகிரி வால்கஸ் கோணத்தில் வைப்பார்கள். இந்தக் காலில் பலர் 3 டிகிரிக்குக் குறைத்துவிடுகிறார்கள், பழைய கோணல் மிச்சம் வைக்காமல் இருக்க. எலும்பின் மஜ்ஜைக்குள் விடும் அளவுக் கம்பியின் துளையையும் வழக்கமான இடத்திலிருந்து சற்று உள்பக்கமாகத் தள்ளிப் போட வேண்டும். வெட்டும் அளவை நல்ல நிலையிலுள்ள உட்குமிழிலிருந்து எடுத்து, அங்கே 10 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் நிறுத்துவார்கள். அப்போது சிறுத்த வெளிக்குமிழில் 1 அல்லது 2 மில்லிமீட்டர்தான் கழியும், சில சமயம் ரம்பம் தொடவே தொடாது. அங்கேயும் முழுப்பரப்பு கிடைக்கட்டும் என்று ஆழமாக வெட்டினால் மூட்டின் மட்டம் மேலே ஏறிவிடும். பிறகு நீட்டினால் உறுதியாகவும் பாதி மடக்கினால் ஆட்டமாகவும் உள்ள மூட்டு கிடைக்கும்; படி இறங்கும்போது அம்மாவுக்குப் பயம் வரும். வெளிப்பக்கப் பள்ளத்தைச் சிறியதென்றால் சிமென்டால் நிரப்பலாம், பெரியதென்றால் உலோகத் துண்டு வைக்கலாம். டிபியாவை அதன் நீளவாக்குக்குச் செங்குத்தாக, தேயாத உள்பக்கத்திலிருந்து 6 முதல் 8 மில்லிமீட்டர் மட்டும் வெட்டுவார்கள்.

அதிகம் தவறு நடப்பது தொடை எலும்பின் திருப்பத்தில். வெட்டுக்கு வழிகாட்டும் கருவியான வழக்கமான ஜிக் இரண்டு குமிழ்களின் பின்புறத்திலும் உட்கார்ந்து, அதிலிருந்து 3 டிகிரி வெளித்திருப்பம் கொடுக்கும். இங்கே வெளிக்குமிழின் பின்புறமே சிறுத்திருப்பதால் ஜிக் உள்நோக்கித் திரும்பித்தான் உட்காரும், 3 டிகிரி கொடுத்தும் போதாது. மூட்டு உள்நோக்கித் திரும்பி அமர்ந்தால் சில்லு வெளியே இழுபடும், சாயும், மோசமானால் நழுவும். சில்லின் பள்ளத்தாக்கில் ஆழமான இடத்தையும் இரு குமிழ்களுக்கு நடுவிலுள்ள குழியின் மையத்தையும் இணைக்கும் கோட்டை இதற்காகவே அமெரிக்க சர்ஜன் லியோ வைட்சைட் எடுத்துக்காட்டினார். முட்டி தட்டும் காலில் திருப்பத்துக்கு அந்தக் கோட்டையும், இரு பக்க எலும்பு மேடுகளை இணைக்கும் கோட்டையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

வெட்டு முடிந்ததும் எலும்பு முளைகளை எடுத்துவிட்டு, இடைவெளிக் கருவி வைத்து எங்கே இறுக்கம் என்று பார்ப்பார்கள். நீட்டும்போது மட்டும் வெளிப்பக்கம் இறுகினால் குற்றவாளி பின்-வெளி உறையும் ஐ.டி. பேண்டும். மடக்கும்போதும் இறுகினால் பாப்லிட்டியஸோ எல்.சி.எல்.லோ சம்பந்தப்பட்டிருக்கிறது. பாப்லிட்டியஸைக் கடைசிவரை விட்டுவைப்பது நல்லது, அது போனால் மடக்கும்போது பிடிமானம் குறையும். ரானாவத்தின் முறையில், உறையை டிபியா வெட்டுமட்டத்தில் உள்ளிருந்து வெளியாக வெட்டி, ஐ.டி. பேண்டில் கூர்முனைக் கத்தியால் பல சிறு துளைகள் போட்டு, கருவியால் விரித்து, அளந்து, போதாவிட்டால் மறுபடி சில துளைகள் போட்டு, இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவார்கள். ஒரே வெட்டில் அறுத்துவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. வெளிப்பக்கமும் ஆடும், உள்பக்கமும் ஆடும் என்ற நிலை வந்தால், திட்டமிடாத கனமான மூட்டைத்தான் வைக்க வேண்டிவரும். எல்.சி.எல். இறுகியே தீரும் சில கால்களில், அதை அறுப்பதற்குப் பதில் அது ஒட்டியிருக்கும் எலும்புத் துண்டையே வெட்டி இடம் மாற்றிப் பொருத்தும் வழி இருக்கிறது. முடிவில் வெளிப்பக்கம் 2, 3 மில்லிமீட்டர் திறப்பது பொறுக்கக்கூடியது, உள்பக்கத்தில் அந்தச் சலுகை கிடையாது.

ஆபத்து நிறைந்த இடம் இதே மூலை. பாப்லிட்டியஸ் நாணுக்கும் ஐ.டி. பேண்டின் பின் ஓரத்துக்கும் நடுவில், டிபியா வெட்டுமட்டத்தில், பெரோனியல் நரம்பு எலும்பிலிருந்து சராசரியாக ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளித்தான் போகிறது. ஒல்லியானவர்களுக்கு அதுவும் குறையும். அந்த இடத்தில் கத்தி முனையை ஆழமாக விடக்கூடாது, மின்கத்தியை மிகக் கவனமாகக் கையாள வேண்டும். நரம்பு அறுபடாமலே இழுபட்டும் பாதிக்கப்படலாம். பல ஆண்டுகளாகச் சுருங்கிப்போன வெளிப்பக்கத்தை ஒரே நாளில் நேராக்கும்போது நரம்பும் சேர்ந்தே இழுபடுகிறது. முழுதாக நீட்ட முடியாத மடக்கமும் சேர்ந்திருந்தால் இழுவை இன்னும் அதிகம்.

செயற்கை மூட்டின் வகையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. நடுவில் முளை உள்ள பி.எஸ். வகை வைத்தால் பக்கவாட்டு ஆட்டம் நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். அந்த முளை, டிபியா பின்னால் நழுவாமல் இருக்கத்தான். பக்கவாட்டுப் பிடிமானம் வேண்டுமென்றால் உயரமும் அகலமும் கூடிய முளை கொண்ட சி.சி.கே. வகை வேண்டும். அது எம்.சி.எல்.லின் வேலையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். அந்தச் சுமை எலும்புக்கும் சிமென்டுக்கும் போகும் என்பதால் நீளத் தண்டுகள் தேவைப்படும். எம்.சி.எல். சுத்தமாக இல்லை என்றால் கீல் வகை. இரண்டாம் நிலைக் காலில் பெரும்பாலும் பி.எஸ். வகையே போதுமாகும், ஆனால் சி.சி.கே. செட் அன்று தியேட்டருக்குள் இருக்க வேண்டும். திறந்த பிறகு ஆளனுப்பி வரவழைப்பதற்கில்லை. செலவையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் 2017 ஆகஸ்டில் விலை வரம்பு வைத்தபோது, சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு ஜி.எஸ்.டி. நீங்கலாக 54,720 ரூபாயும், மறு அறுவைக்கான வகைக்கு 1,13,950 ரூபாயும் வரம்பாக வைத்தது. வகை மாறினால் பில் எவ்வளவு மாறும் என்பதற்கு அது ஒரு அளவுகோல்.

ரோபோ வைத்துச் செய்தால் இந்தச் சிக்கலெல்லாம் தீருமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ரோபோ வெட்டுக் கோணத்தையும் இடைவெளியையும் துல்லியமாக அளந்து காட்டும், திருப்பத்தைச் சரியாக வைக்கவும் உதவும். இறுகிய தசைநாரைத் தளர்த்துவதும் நரம்பைக் காப்பதும் சர்ஜனின் கைதான். அதனால் ரோபோ இருக்கிறதா என்று கேட்பதற்கு முன் டாக்டரிடம் கேட்க வேண்டியவை வேறு. அம்மாவின் எம்.சி.எல். எந்த நிலையில் இருக்கிறது? கடந்த ஓராண்டில் முட்டி தட்டும் கால் எத்தனை செய்திருக்கிறீர்கள், எந்த வழியில்? சி.சி.கே. தயாராக இருக்குமா? டிபியா மேட்டை வெட்டும் திட்டம் உண்டா? இந்த நான்குக்கும் நிதானமாகப் பதில் சொல்பவரிடம், அவர் எந்தப் பக்கம் திறந்தாலும், நம்பிக் கொடுக்கலாம்.

ஒருவேளை அம்மாவுக்கு முடக்குவாதத்தால் வந்த தேய்மானம் என்றால் எலும்பு மென்மையாக இருக்கும், தசைநார்கள் எதிர்பார்த்ததைவிடப் பலவீனமாக இருக்கும். மயக்க மருந்துக்கு முன் கழுத்து எலும்பின் எக்ஸ்ரேயும் தேவைப்படலாம். முடக்குவாத மருந்தான மெத்தோட்ரெக்சேட்டைப் பொதுவாக நிறுத்துவதில்லை. ஊசி வழி பயாலஜிக் மருந்துகளுக்கு அடுத்த தவணை வரும் நேரமாகப் பார்த்து அறுவை நாளைக் குறிப்பார்கள். இதை வாதநோய் நிபுணரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

அறுவைக்குப் பின், எலும்புத் துண்டு எதையும் வெட்டிப் பொருத்தாவிட்டால் மறுநாளே வாக்கர் பிடித்து நடக்கலாம், பயிற்சிகளும் வழக்கமானவையே. டிபியா மேட்டையோ வெளிப்பக்க எலும்பு மேட்டையோ வெட்டியிருந்தாலும், எம்.சி.எல்.லைத் தைத்திருந்தாலும் ஏறத்தாழ ஆறு வாரம் பிரேஸும் கட்டுப்பாடும் இருக்கும். வீட்டார் கவனிக்க வேண்டியது முதல் 24 மணி நேரத்தில் பாதத்தை. முதுகில் போட்ட மயக்க மருந்து தெளிந்ததும், கட்டைவிரலையும் பாதத்தையும் மேல்நோக்கித் தூக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் தொட்டால் தெரிகிறதா என்று கேளுங்கள். வலி மறக்க முழங்காலுக்குப் பின்னால் ஊசி போட்டிருந்தால் அந்த மருந்தே சில மணி நேரம் நரம்பை மரக்கச் செய்யலாம், அதனால் எந்த மருந்து, எப்போது தெளியும் என்று முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தெளிய வேண்டிய நேரம் கடந்தும் பாதம் தூக்க வரவில்லை என்றால் காலை வரை காத்திருக்காமல் உடனே நர்ஸிடமும் டாக்டரிடமும் சொல்லுங்கள். இறுக்கமான கட்டைத் தளர்த்தி, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துச் சற்று மடக்கி வைப்பார்கள். மூட்டு மாற்றில் அடியில் தலையணை வைக்கக்கூடாது என்று பொதுவாகச் சொல்வோம், இந்த நிலை அதற்கு விதிவிலக்கு.

மாயோ கிளினிக்கில் 10,361 மூட்டு மாற்றுகளைத் திரும்பிப் பார்த்தபோது 32 கால்களில் இந்த நரம்புப் பாதிப்பு இருந்தது, அதாவது ஆயிரத்தில் மூன்று. முட்டி தட்டும் காலில் அபாயம் இதைப்போல் பல மடங்கு, நூற்றுக்கு மூன்று நான்கு வரை பதிவாகியிருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு மாதக்கணக்கில் முழுதாகவோ ஓரளவோ திரும்பி வருகிறது. அதுவரை பாதம் தொங்காமல் இருக்க ஸ்பிளின்ட் போட வேண்டும், கணுக்காலை இறுகவிடாமல் தினமும் மடக்கி நீட்ட வேண்டும். மூன்று மாதமாகியும் பாதம் துளிகூட மேலே வரவில்லை, நரம்புப் பரிசோதனையிலும் அசைவு இல்லை என்றால், நரம்பை அழுத்தத்திலிருந்து விடுவிக்கும் அறுவையைப் பற்றி அப்போதே பேசிவிட வேண்டும்.